பாரிஸ் இல்லாத பிரான்ஸ்

போன சனிக்கிழமை ஒரு பெண்மணி என்மேல் பாணை எறிந்தார்.

எறிந்தார் என்பது கொஞ்சம் கூடுதல்தான். மேசையில் போட்டார். ஆனால் போட்ட வேகத்தில் அது துள்ளி வந்து என் ஏப்ரனில் இடித்துவிட்டுக் கீழே விழுந்தது. நான் ஒரு சூப்பர்மார்க்கெட்டின் பேக்கரிப் பகுதியில் வேலை செய்கிறேன் என்பது இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். அங்கே நான் தினமும் சுடுவது நீளமான பிரெஞ்சு ஸ்டிக் பாண். அதைத்தான் எறிந்தார். "வெட்கமில்லையா, இதை விற்கிறாயே!" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மாவு இந்த நாட்டு மாவு. தண்ணீர் ஆக்லாந்துத் தண்ணீர். சுட்டவள் யாழ்ப்பாணத்தாள். இதில் பிரான்ஸ் எங்கே இருக்கிறது?

மேனேஜர் ஓடி வந்தார். மன்னிப்புக் கேட்டார் – அவரிடம், என்னிடம் இல்லை. பிறகு மார்க்கர் பேனாவை எடுத்து, 'பிரெஞ்சு' என்ற சொல்லை வெட்டிவிட்டு 'லோங்' என்று எழுதினார். லோங் ஸ்டிக்! பிரச்சினை தீர்ந்தது. பசிபிக் சமுத்திரம் காப்பாற்றப்பட்டது.

தப்பாக நினைக்காதீர்கள். பசிபிக்கில் அணுகுண்டு வெடிக்கப்போகிறோம் என்று பிரான்ஸ் அரசு அறிவித்ததிலிருந்து எனக்கும் வயிறு எரிகிறது. குயின் ஸ்ட்ரீட்டில் மழையில் நனைந்துகொண்டு நானும் பதாகை பிடித்து நடந்தேன். வெடிக்கிறவனைத் திட்டுங்கள். நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் பாணைத் திட்டாதீர்கள். பாண் என்ன பாவம் செய்தது?

சரி, அந்தக் கோபத்தைச் சனிக்கிழமையோடு விட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை சிவபாலன் அண்ணை வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அங்கேதான் மிச்சக் கோபமும் வந்தது.

சிவபாலன் அண்ணை யார் என்று சொல்லிவிடுகிறேன். என் தங்கச்சி ரஞ்சியைக் கட்டியவன் ஜெகன்; அவர்கள் இருப்பது பிரான்சில். ஜெகனின் மூத்த அண்ணன் சிவபாலன். கணக்காளர். மவுண்ட் ஆல்பர்ட்டில் பழைய மரவீடு. ஜன்னல் இடுக்கெல்லாம் காற்று வரும். ஆகஸ்ட் மாதத்தில் அந்த வீட்டு ஹோலில் ஹீட்டரைச் சுற்றி நின்றுதான் சாப்பிட வேண்டும். சுவரில் அவருடைய அப்பா, அம்மா படம், மாலையோடு. அவர்கள் பெற்றது மூன்று ஆண்பிள்ளைகள். மூத்தவர் இவர். நடுவில் ஜெகன். கடைசி ரவீந்திரன். ஊரில் கடைக்குப் போனவன்மேல் செல் குண்டு விழுந்தது. இருபது வயது. அவன் படம் அந்தச் சுவரில் இல்லை. அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் எடுப்பதும் இல்லை. "இவருக்கு முன்னால கதைச்சுப் போடாதையுங்கோ" என்று அவர் மனைவி சாந்தி அக்கா ஆரம்பத்திலேயே எனக்குச் சொல்லிவிட்டார். நானும் கதைப்பதில்லை.

சோற்றுக் கோப்பையைக் கையில் எடுக்கவில்லை, அண்ணை தொடங்கிவிட்டார்.

"மலர், கேட்டீரோ? ஜெகனுக்குப் பாரிசில இடம் பார்த்தாச்சு. லா சப்பல்ல எங்கட ஊர்ப் பெடியன் ஒருத்தன் கடை வச்சிருக்கிறான். வேலையும் சரி, வீடும் சரி. இந்த மாசக் கடைசிக்குள்ள அந்தக் காட்டை விட்டு வெளிக்கிட வேணும்."

"ஆர் சொன்னது?"

"நான் சொன்னது."

"ரஞ்சி என்ன சொன்னவள்?"

"ரஞ்சியை ஏன் கேக்கிறீர்? என்ர தம்பியிட்ட நான் சொல்லியிட்டன்."

பார்த்தீர்களா? பூமிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கத்துக் குடும்பத்தைத் தூக்கி வைக்கிறார், ஏதோ சோபாவை இடம் மாற்றுவதுபோல.

பக்கத்தில் அவருடைய சிநேகிதர் கோபால் நின்றார். சென்னைக்காரர், எஞ்சினியர், நல்ல மனிதர். "காடா? பிரான்ஸ்ல ஏதுங்க காடு? ஜெகன் சார் பாரிஸ்ல இருக்கார்னுல்ல நினைச்சுட்டிருந்தேன்" என்றார்.

அண்ணைக்கு முகம் கறுத்தது. ஏன் தெரியுமா? ஜெகன் பாரிஸில் இருப்பதாகத்தான் இவர் இத்தனை வருடமும் எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறார்.

உங்களுக்கும் அப்படித்தானே? பிரான்ஸ் என்றால் பாரிஸ். பாரிஸ் என்றால் லா சப்பல். கறிவேப்பிலை, வீடியோ கடை, நகைக்கடை. அதற்கு வெளியே ஒரு நாடு இருக்கிறது, அதில் மனிதர் வாழ்கிறார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் ஒப்புக்கொள்வோம்?

நான் அந்தக் 'காட்டுக்கு'ப் போயிருக்கிறேன். போன வருடத்துக்கு முந்தின வருடம் நவம்பரில், லீவெல்லாம் சேர்த்து வைத்து, தங்கச்சியைப் பார்க்கப் போனேன். அதனால் எனக்குக் கதைக்க உரிமை இருக்கிறது. சிவபாலன் அண்ணை போனதில்லை.

பாரிஸிலிருந்து தெற்கே ரயிலில் பாதி நாள். பிறகு ஒரு பஸ். பஸ் நிற்கிற இடத்துக்கு மேயர் தன் வான் வண்டியோடு வந்து நின்றார். ஆம், மேயர்! வானுக்குள் பின்பக்கம் வைக்கோல். பக்கத்தில் நாய். பிரான்சில் ஊர் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதற்கென்று ஒரு மேயர் உண்டு. அப்படிப்பட்ட ஊரைக் கொம்யூன் என்கிறார்கள். இந்தக் கொம்யூனில் இருப்பவர்களை எல்லாம் சேர்த்தாலும் நம்முடைய சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு வருகிற கூட்டத்தில் பாதிகூட வராது. ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் உங்களால் உச்சரிக்க முடியாது, என்னாலும் முடியாது.

கருங்கல் மேடான நிலம். மேலே காற்று. கீழே ஒரு சின்ன ஆறு, கோப்பி நிறத் தண்ணீர். மலைச்சரிவில் கஷ்கொட்டை மரங்கள், செம்பழுப்பு மாடுகள். வீடெல்லாம் கல்வீடு. பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. தேவாலயத்தில் பூசை மாதத்துக்கு ஒருமுறை. கோப்பிக் கடை மூடி வருடக்கணக்கு. பாண் கடையும் இல்லை. பாண் வான்தான் வரும், கிழமையில் இரண்டு நாள், ஹோர்ன் அடித்துக்கொண்டு. ஹோர்ன் கேட்டால் அந்த ஊர் வெளியே வரும். அந்தக் கால் மணித்தியாலத்தில் யாருக்கு இருமல், யாருடைய மாடு கன்று போடப்போகிறது, யார் வீட்டுப் பெண் டிவோர்ஸ் – எல்லாம் கதைத்து முடித்துவிட்டு உள்ளே போய்விடும்.

எல்லாம் நல்லவர்கள் என்று சொல்லவரவில்லை. ஒரு கிழவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தெருவுக்கு மறுபக்கம் மாறிப் போனார். மாறட்டும். எங்கள் ஊரில் மாறாதவர்களா?

ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த ஊரில் மழை பெய்தால் காட்டில் காளான் முளைக்கும். எங்கே முளைக்கும் என்பதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. சொந்த மருமகனுக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். காளான் பிடுங்கப் போகிறவர் வானைத் தேவாலயத்துப் பக்கம் நிறுத்திவிட்டு, எதிர்ப்பக்கமாக நடந்துபோய், சுற்றி வருவார் – அவ்வளவு ரகசியம். அப்படிப்பட்ட இடமொன்றை, பக்கத்து வீட்டு விதவை ஒருத்தி, என் தங்கச்சியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறாள். இங்கே பதினொரு வீடு தள்ளி இருக்கிற நம்முடைய ஆள், நல்ல பலாப்பழம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டால் சொல்கிறாரா?

மேயர் அலுவலகமும் பள்ளிக்கூடமும் ஒரே கட்டிடம். இடப்பக்கக் கதவு அலுவலகம், வலப்பக்கக் கதவு பள்ளிக்கூடம். ஒரே வகுப்பறை, ஒரே டீச்சர், எல்லா வயசுப் பிள்ளைகளும் ஒன்றாக. பிள்ளைகள் தொகை குறைந்துகொண்டே போனதால் பள்ளிக்கூடத்தை மூடப்போகிறோம் என்று மேலிடம் சொல்லியிருக்கிறது. அப்போதுதான் அந்த மேயர் அகதி முகாமுக்குத் தானே போய், "என் ஊரில் வாத்தியார் குடியிருந்த வீடு சும்மா கிடக்கிறது. பிள்ளைகள் உள்ள குடும்பம் இருந்தால் தாருங்கள்" என்று கேட்டிருக்கிறார். ரஞ்சிக்கு மூன்று பிள்ளைகள். பள்ளிக்கூடம் தப்பியது.

பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு போடுகிற அம்மா முதல் நாளே மாட்டிறைச்சி வைத்துவிட்டாராம். மூன்று பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அடுத்த நாளிலிருந்து அவர்களுக்கு மட்டும் முட்டை ஆம்லெட். ஒரு மாதம் போக, முழுப் பள்ளிக்கூடமும் ஆம்லெட் கேட்டு அழத் தொடங்கிவிட்டது. நம்முடைய ஆட்கள் போன இடத்தில் ஏதாவது ஒன்றை மாற்றிவிட்டுத்தான் மறுவேலை.

இனி அந்த நவம்பர் கதை.

ஊர் நடுவில் ஒரு கல். முதலாம் உலகப் போரில் செத்தவர்களின் பெயர்களை அதில் வெட்டியிருக்கிறார்கள். அந்தச் சின்ன ஊருக்கு அது நீளமான கல். ஒரே குடும்பப் பெயர் மூன்று, நான்கு தடவை வரும். அந்தப் போர் முடிந்த நாளில், நவம்பர் பதினொன்றில், ஊர் முழுக்க அந்தக் கல்லுக்கு முன்னால் வந்து நிற்கும். மேயர் மூவர்ணப் பட்டியை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், "பிரான்சுக்காக இறந்தார்" என்று பதில் சொல்வார்கள். பெயர் – பதில். பெயர் – பதில். அவ்வளவுதான். பேச்சு இல்லை, சால்வை இல்லை, நன்றியுரை இல்லை.

நான் பார்த்த வருடம் ரஞ்சியின் மூத்தவள் நிலா முன்வரிசையில் நின்றாள். ஏழு வயது. மூக்கு சிவந்து, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, எல்லோரையும்விடப் பலமாகப் பதில் சொன்னாள். பெயர் தெரியாத ஆட்களுக்கு, முகம் தெரியாத ஆட்களுக்கு. நான் அழவில்லை. ஆனால் யாராவது என்னோடு அப்போது கதைத்திருந்தால் அடித்திருப்பேன்.

இந்த ஊரைத்தான் சிவபாலன் அண்ணை காடு என்கிறார்.

"பள்ளிக்கூடம் செப்டம்பரில துவங்கப் போகுது அண்ணை," என்றேன். "இவையள் மூண்டு பேரும் இல்லாட்டி மூடிப் போடுவாங்கள். உங்களுக்குத் தெரியுமோ?"

"அதுதான் நானும் சொல்லுறன்! அந்த மேயர் எங்கட பிள்ளையளைக் காட்டித் தன்ர பள்ளிக்கூடத்தை நடத்துறான். தலை எண்ணுறதுக்குப் பிடிச்சு வச்சிருக்கிறான். உங்களுக்கு அது விளங்கேல்லை."

எனக்கு அங்கேதான் ஏறியது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"அண்ணை, உங்களை இஞ்ச எப்பிடி எடுத்தவங்கள்? முகவெட்டைப் பார்த்தோ? படிப்புக்கு இத்தனை புள்ளி, வயசுக்கு இத்தனை புள்ளி எண்டு கூட்டிப் பார்த்துத்தானே எடுத்தவங்கள்? ஒரு புள்ளி குறைஞ்சிருந்தா உங்களை எடுத்திருப்பாங்களோ? அங்க தலையை எண்ணினான். இஞ்ச புள்ளியை எண்ணினான். அவனாவது தன்ர வானில வந்து கூட்டிக்கொண்டு போனவன். உங்களை எயார்போர்ட்டில கூப்பிட எந்த மேயர் வந்தவர்?"

கோபால் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல். சாந்தி அக்கா குசினிக்குள் போய்விட்டார். அங்கிருந்து சிரிப்பு கேட்டது.

"நீர் பேப்பரில எழுதுறனீர் எண்டதுக்காக என்ர வீட்டில வந்து பிரசங்கம் வைக்காதையும்" என்றார் அண்ணை. "நான் என்ன, அவன் கெட்டுப் போகட்டும் எண்டே சொல்லுறன்? கோயில் இல்லை. தமிழ்ச் சனம் ஒண்டு இல்லை. நாளைக்கு அந்தப் பெட்டையை ஆருக்குக் கட்டிக் குடுக்கிறது? மாட்டுக்காரனுக்கோ?"

பெட்டை நிலாவுக்கு ஒன்பது வயது. கல்யாணம் அண்ணைக்கு இப்போதே தெரிகிறது!

ஆனால் ஒன்றை நான் ஒளிக்கவில்லை. அவர் சொன்னதில் பாதி சரி. ஜெகன் அங்கே மரம் அரிகிற ஆலையில் வேலை செய்கிறான். நாள் முழுக்க யாரோடும் தமிழில் ஒரு சொல் இல்லை. நான் போயிருந்தபோது பார்த்தேன் – அவனிடம் ஒரே ஒரு தமிழ்ப்பட கசெட் இருந்தது. அதைப் போட்டுப் போட்டு ரிப்பன் தேய்ந்து, கதாநாயகியின் முகத்துக்குக் குறுக்கே கோடு ஓடியது. அப்படியும் பார்த்துக்கொண்டு இருந்தான். ரஞ்சிக்கு அந்த ஊர் பிடித்துவிட்டது. ஜெகனுக்குப் பிடித்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அண்ணன் சொல்லைத் தட்டி அவன் நடந்ததை நான் கண்டதில்லை. போ என்றால் போவான். அதுதான் எனக்குப் பயம். அவன் போனால் ரஞ்சி பெட்டியைக் கட்டுவாள். பள்ளிக்கூடக் கதவு பூட்டப்படும். அவ்வளவுதான்.

அந்த ஊரின் சரித்திரமே அதுதான், மேயர் எனக்குச் சொன்னார், ரஞ்சி தமிழில் சொல்லித் தந்தாள். அந்த மேட்டு நிலத்து ஆம்பிளைகள் அந்தக் காலத்திலிருந்தே மேசன்மார். ஒவ்வொரு வருடமும் மார்ச்சில் பாரிஸுக்குக் கால்நடையாகப் போய், வீடு கட்டி, குளிர் தொடங்கத் திரும்பி வருவார்களாம். பிறகு ரயில் வந்தது. திரும்பி வருவது நின்றுவிட்டது. "பாரிஸை நாங்கள்தான் கட்டினோம். கட்டி முடித்துவிட்டு அதற்குள்ளேயே போய் இருந்துவிட்டோம்" என்று மேயர் சிரித்தார். மிச்சம் இருந்தவர்களின் பெயர்கள் கல்லில்.

இப்போது நம்முடைய ஆளையும் பாரிஸ் கூப்பிடுகிறது. இந்தத் தடவை மவுண்ட் ஆல்பர்ட் வழியாக.

பின்னேரம் ஆனது. இங்கே ஞாயிறு பின்னேரம் என்றால் அங்கே ஞாயிறு காலை. அண்ணை போனை ஸ்பீக்கரில் போட்டார். "எல்லாரும் கேட்டுக்கொண்டு இருங்கோ. அவனே சொல்லுவான்" என்றார். சாட்சிக்கு எங்களை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லப்போகிறாராம்.

எடுத்தது நிலா.

அண்ணை தன் மகள் பிரியாவை இழுத்துப் போன் பக்கத்தில் விட்டார். பிரியாவுக்கு ஆங்கிலம்தான். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை. நிலாவுக்கு பிரெஞ்சு. இரண்டு பேருக்கும் நடுவில் தமிழை விட்டால் வேறு வழி கிடையாது.

"நீ... என்ன சாப்பிட்டது?" என்றாள் பிரியா.

"பாண். நீ?"

"சோறு. அங்க... மழையோ?"

"இல்லை. மாடு குட்டி போட்டது. ரெண்டு!"

"ரெண்டா? நீ பாத்ததா?"

"ஓம். நான் காலைப் பிடிச்சு இழுத்தது."

பிரியா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் மூன்று வருடம் படிக்காததை அந்தப் பிள்ளை அரை நிமிடத்தில் கதைத்துவிட்டது. இதற்கு நான் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்? அந்த மாட்டுக்குத்தான்.

பிறகு ஜெகன் வந்தான்.

"என்னடா, பெட்டி கட்டியாச்சோ?" என்றார் அண்ணை.

"அண்ணை..."

"பெடியன் வீட்டைப் பிடிச்சு வச்சிருக்கிறான்டா. கனநாள் பிடிச்சு வைக்கமாட்டான்."

"அண்ணை, நான் போகேல்லை."

ஜெகன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதில்லை. அண்ணையும் கேட்டதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"ஏன்? ரஞ்சி விடமாட்டன் எண்டவளோ? பக்கத்தில மலர் நிக்கிறா, சொல்லு."

"ரஞ்சி ஒண்டும் சொல்லேல்லை. போறதெண்டாப் போவம் எண்டுதான் சொன்னவ."

"பேந்தென்ன? அந்த மேயர் பிடிச்சு வச்சிருக்கிறானோ?"

"அவருக்கு நான் இன்னும் சொல்லேல்லை. அண்ணை, ஒரு விசயம். கோவிக்காதையுங்கோ. போன நவம்பர் அந்தப் பேர் வாசிக்கிற நாளுக்கு முதல், மேயரும் நானும் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டு நிண்டனாங்கள். அப்ப அவர் கேட்டார், 'உன்ர ஆக்கள் ஆரும் செத்திருக்கினமோ' எண்டு. நான் சொன்னன்."

"என்ன சொன்னனீ?"

"ரவியைச் சொன்னன்."

சாந்தி அக்கா குசினி வாசலில் வந்து நின்றார். கையில் ஈரத்துணி. அந்த வீட்டில் அந்தப் பெயரை நான் முதல்தடவை கேட்கிறேன், அதுவும் பூமிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஸ்பீக்கரில்.

"முழுப் பேரையும் சொல்லித் தா எண்டார்" என்றான் ஜெகன். "மாட்டுக் கொட்டிலில நிண்டு திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தவர். பதினோராம் திகதி எல்லாப் பேரையும் வாசிச்சு முடிச்சிட்டுப் போகேல்லை. நிண்டு, ரவீந்திரன் எண்டு வாசிச்சவர். ஊர் முழுக்க நிண்டது அண்ணை. அந்தக் கிழவரும் நிண்டவர். எங்களைக் கண்டா மற்றப் பக்கம் போற கிழவர். தொப்பியைக் கழட்டிக்கொண்டு நிண்டவர்."

அண்ணை குனிந்து போனின் சத்தத்தைக் கூட்டினார்.

"பிள்ளையளுக்கு என்ன பதில் சொல்லுறதெண்டு தெரியேல்லை. மற்றப் பேருக்கெல்லாம் பிரான்சுக்காகச் செத்தவர் எண்டு சொல்லுறது. இவன் அதுக்குச் சாகேல்லைத்தானே? எல்லாப் பிள்ளையும் டீச்சரைப் பாக்குதுகள். டீச்சர் மேயரைப் பாக்கிறா. அப்ப நிலா சொன்னாள், தமிழில... 'எங்கட சித்தப்பா' எண்டு."

ஜெகன் நிறுத்தவில்லை.

"அவள் சொன்னாப் பிறகு மற்றப் பிள்ளையளும் சொல்லிச்சுதுகள். அவங்களுக்கு அர்த்தம் தெரியாது. சும்மா அவள் சொன்னதைச் சொன்னதுகள். எல்லாரும் சேர்ந்து, எங்கட சித்தப்பா, எங்கட சித்தப்பா... அண்ணை, அவன் செத்து இத்தனை வருசத்தில அவன்ர பேரை ஒராள் எழும்பி நிண்டு சொல்லி நான் கேட்டது அண்டைக்குத்தான். நீங்கள் சொல்லேல்லை. நானும் சொல்லேல்லை. இந்த வருசமும் வாசிப்பன் எண்டு மேயர் சொன்னவர். பள்ளிக்கூடம் இல்லாட்டி ஆர் பதில் சொல்லுறது? நான் எப்பிடிப் போறது?"

நான் இதை எழுதும்போதும் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஜெகன்மேல் இல்லை. சிவபாலன் அண்ணைமேல் மட்டும்கூட இல்லை.

இந்த ஆக்லாந்தில் நமக்கு எத்தனை சங்கம்? எத்தனை தலைவர், எத்தனை உபதலைவர்? ஹோல் பிடிக்கிறோம், மைக் பிடிக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். ஸ்பொன்சர் செய்த கடையின் பெயரை நாலு தரம் வாசிக்கிறோம். வீட்டில் செத்த பிள்ளையின் பெயரை ஒருதரம் வாசித்திருக்கிறோமா? வாசித்தால் யார் என்ன நினைப்பார்களோ என்று பயம். சண்டையில் எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்பார்களோ என்று பயம். விசாவுக்குப் பயம், வேலைக்குப் பயம், பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பயம். கடைசியில் பாரிஸும் இல்லாத, பாண் கடையும் இல்லாத ஓர் ஊரில், சாணி மிதித்த பூட்ஸோடு ஒரு மாட்டுக்காரர் கேட்டிருக்கிறார். கேட்கத் தெரிந்திருக்கிறது. நமக்குத் தெரியவில்லை.

தலை எண்ணுகிறான் என்றாரே அண்ணை, எண்ணட்டும்! செத்தவனையும் சேர்த்து எண்ணியிருக்கிறான்.

அண்ணை நாற்காலியை இழுத்துப் போட்டுப் போன் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்:

"பேரைச் சரியாச் சொன்னவரோ?"

"கொஞ்சம் தொண்டைக்குள்ளால" என்றான் ஜெகன். "ஆனா முழுசாச் சொன்னவர்."

"ம்." ஹீட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். "பள்ளிக்கூடம் எப்ப துவங்குது?"

"செப்டம்பரில."

"சரி. பிள்ளையளை அனுப்பு." போனை வைத்தார். வைத்த கையோடு எங்கள் பக்கம் திரும்பி, யாரும் எதுவும் கேட்காமலே, "எண்டாலும் அது காடுதான்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. கோபால் மெதுவாக, "சார், தம்பி பேரு ரவீந்திரனா? எனக்கு நீங்க சொன்னதே இல்லையே" என்றார்.

"ஓம்" என்றார் அண்ணை. "ரவீந்திரன். கடைசி."

அவ்வளவுதான் சொன்னார். நான் கீழே வைத்த கோப்பையை எடுக்காமலே வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். மேனேஜர் எழுதிய லோங் ஸ்டிக் போர்டு அப்படியே இருந்தது. ஒரு கிழவர் வந்து, "இது என்ன பாண்?" என்று கேட்டார். பிரெஞ்சு ஸ்டிக் என்றேன், நல்ல பலமாக. மேனேஜர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். கிழவர் இரண்டு வாங்கிக்கொண்டு போனார்.

இதை எழுதி முடித்து மடிக்கிற நேரம் போன் அடித்தது. சிவபாலன் அண்ணை. சுகம் விசாரிக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. "நீர் அங்க போனது நவம்பரிலதானே? குளிர் எப்பிடி?" என்றார்.

நல்ல குளிர், தோசை கிடையாது, லா சப்பல் பாதி நாள் தூரம், வானுக்குள்ளே வைக்கோல் குத்தும் என்றேன்.

பரவாயில்லையாம். அந்தக் காட்டுக்கு டிக்கெட் போட்டுவிட்டாராம்.